டிபியில் கருகிய வாடை வந்தால் யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: கும்பகோணத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீடு. கட்டி இருபது வருடம் ஆகிறது. மழை பெய்தால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. இப்போது கீசர் போட்டால் டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் சுவிட்ச் பெட்டி) கருகிய வாடையும் வருகிறது. பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன், "பெரிய எம்சிபி போட்டா சரியாயிடும்" என்கிறார். நான் பெங்களூரில் இருக்கிறேன். லைசென்ஸ் உள்ள ஆளை எப்படித் தேடுவது? அவரிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

பதில்:

முதலில் இன்று ராத்திரிக்கான வேலை. கீசருக்கு உரிய எம்சிபியை, அதாவது லோடு கூடினால் தானே விழும் சிறு சுவிட்சை, கீழே இறக்கி அப்படியே விடச் சொல்லுங்கள். ஆள் வந்து பார்க்கும் வரை வெந்நீர் அடுப்பில்தான். டிபி மூடியைத் தொட்டால் சூடு தெரிந்தாலோ, உள்ளே கொரகொரவென்று சத்தம் கேட்டாலோ, மீட்டர் பக்கத்தில் இருக்கும் மெயின் சுவிட்சையே அணைத்துவிடலாம். அப்பா ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மூடியைத் திறக்கப் போக வேண்டாம். டிபியில் உள்ள மெயினை அணைத்தாலும் அதற்கு மேல்பக்க முனையில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் வயரிலும் இருக்கும்.

அடுத்து, அந்தப் பெரிய எம்சிபி யோசனை. இரண்டு கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் இழுப்பது ஒன்பது ஆம்பியருக்குள்தான். மூன்று கிலோவாட் என்றாலும் பதின்மூன்று. பதினாறு ஆம்பியர் எம்சிபிக்கு இது பெரிய சுமையே இல்லை. அப்படியிருந்தும் வாடை வருகிறது என்றால், கிட்டத்தட்ட நிச்சயமாக எங்கேயோ ஒரு முனை லூஸாகி, தொடும் இடத்தில் சூடாகிக் கருகுகிறது. அங்கே முப்பத்திரண்டு ஆம்பியர் எம்சிபியை மாட்டினால் கருகுவது நிற்காது. கரண்ட்டை வெட்ட வேண்டிய காவல்காரன்தான் தூங்கிப்போவான். எம்சிபி இருப்பது சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்ற. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் முப்பத்திரண்டைப் போட்டால், பிறகு ஏதாவது கோளாறில் லோடு ஏறும்போது எம்சிபி விழுவதற்குள் வயர் வெந்துவிடும். ஆகவே அந்தத் தம்பிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அவர் கெட்டவர் இல்லை. ஃபேன் மாட்டவும் சுவிட்ச் மாற்றவும் அவரே போதும். டிபி வேலை அவருடையது இல்லை, அவ்வளவுதான்.

சட்டமும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2010இல் வந்தன, 2023இல் புதுப்பிக்கப்பட்டன. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றுவதை யாரும் செய்யலாம். அதைத் தாண்டிப் புதிதாகச் சேர்ப்பது, மாற்றி அமைப்பது, பழுது பார்ப்பது எதுவானாலும் மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ளவர் நேரடியாக மேற்பார்வை பார்க்க வேண்டும். நம் ஊரில் இதை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் நாளைக்கு ஒன்று ஆகிப்போனால் அந்தக் காகிதம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கான சான்றிதழ்களைத் தருவது மின் உரிம வாரியம். சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. தனி ஆட்களுக்கு மூன்று படி உண்டு. சூப்பர்வைசருக்கு உரியதைத் தொழிலில் சி லைசென்ஸ் என்போம், ஒயர்மேனுக்கு பி, ஒயர்மேன் ஹெல்ப்பருக்கு எச். இந்த எச் தேர்வை நடத்துவது வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்து எழுதி வாங்குவார்கள். ஒப்பந்ததாரர் உரிமம் இவற்றுக்கு மேலே தனியாக உண்டு. அதிலும் வேலையின் அளவைப் பொறுத்துத் தரங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டு டிபிக்கு எந்தத் தரமானாலும் போதும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: அவரிடம் பதிவான சூப்பர்வைசர் ஒருவர் உங்கள் வீட்டு வேலைக்குப் பொறுப்பேற்கிறாரா, வேலை செய்ய வருபவரிடம் பி சான்றிதழாவது இருக்கிறதா என்பதுதான். எச் உள்ளவரை மட்டும் தனியாக அனுப்பினால், கூட ஒயர்மேன் வரட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புதுவீட்டுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் வாங்க உரிமம் உள்ள கான்ட்ராக்டர் கையெழுத்திட்ட டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். அந்தக் கையெழுத்துக்காகவே உரிமத்தை வைத்துப் பிழைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒயரிங் செய்தது யாரோ, மெக்கர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்தது யாருமில்லை, ரிப்போர்ட்டில் மட்டும் எண்கள் ஜோராக இருக்கும். அதனால் "லைசென்ஸ் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், பல சமயம் உண்மையாகவும் இருக்கும். "என் வீட்டு டிபியைத் திறக்கப் போவது யார், அவருடைய சான்றிதழ் எது, வேலை முடிந்ததும் மெக்கர் போட்டுப் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். இந்த மூன்றாவது கேள்வியிலேயே பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். உரிமம் வாங்கும்போது மெக்கர், எர்த் டெஸ்டர் போன்ற கருவிகள் சொந்தமாக இருப்பதைக் காட்ட வேண்டும். ஆகவே "அதெல்லாம் வீட்டுக்குத் தேவையில்லைங்க" என்று ஒருவர் சொன்னால் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, எங்கே தேடுவது? முதலில் வீட்டு ஃபைலைத் தேடச் சொல்லுங்கள். கனெக்‌ஷன் வாங்கியபோது கொடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் நகல் இருந்தால் அதில் கான்ட்ராக்டர் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். இருபது வருடத்தில் அவர் தொழிலை விட்டிருக்கலாம், ஆனால் வீட்டு ஒயரிங் எந்தப் பைப்பில் எப்படிப் போகிறது என்று தெரிந்தவர் கிடைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

அது கிடைக்காவிட்டால் நான் நம்புவது எலக்ட்ரிக்கல் கடைகளைத்தான். தெருமுனைக் கடை இல்லை. கான்ட்ராக்டர்கள் கணக்கு வைத்துச் சரக்கு எடுக்கும் பெரிய கடை. கும்பகோணம் மாதிரி ஊரில் அப்படி நாலைந்து இருக்கும். கல்லாவில் இருப்பவரிடம், "டிபி மாத்தணும், சரக்கை யார் ஒழுங்கா எடுக்கிறார்?" என்று கேட்டால் சொல்வார். யார் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள எம்சிபி கேட்கிறார், யார் இருப்பதிலேயே விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு விலை உயர்ந்ததன் பெயரில் பில் கேட்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரு கடையில் சொன்ன பெயரை இன்னொரு கடையிலும் சொன்னால் அவரைக் கூப்பிடலாம்.

மூன்றாவது, மின்வாரியத்தின் பிரிவு அலுவலகம். டெஸ்ட் ரிப்போர்ட்டோடு அடிக்கடி வரும் கான்ட்ராக்டர்கள் யார் என்று அங்கே தெரியும். பெயர்களை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அங்கிருந்தே ஒரு லைன்மேனை அனுப்புகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பத்தில் கெட்டிக்காரராக இருப்பவர் டிபியிலும் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை, இரண்டும் வேறு வேலை. கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, பெரிய லாட்ஜ் வைத்திருக்கும் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர்களுடைய மெயின்டெனன்ஸ் ஆளைப் பற்றியும் விசாரிக்கலாம். அந்த இடங்களில் டிபி கருகுவது அன்றாடம், அதனால் அவர்களுக்குக் கை பழகியிருக்கும். பெரிய நகரங்களில் ஆப் மூலம் ஆள் வருவது சுலபம். ஆனால் அடையாளத்தைச் சரிபார்த்திருக்கிறோம் என்று ஆப் சொல்வதும் உரிம வாரியத்தின் சான்றிதழும் ஒன்றில்லை. வந்தவரிடம் சான்றிதழைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

பெயர் கிடைத்ததும் உரிமத்தையும் வருபவரின் சான்றிதழையும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியது எண், போட்டோ, எந்தத் தேதி வரை செல்லும் என்பது. இந்தச் சான்றிதழ்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நல்ல வேலைக்காரர்களே அதை மறந்துவிட்டு இருப்பார்கள், எனவே ஒரு மாதம் தாண்டியிருந்தால் நான் ஆளை ஒதுக்க மாட்டேன், ஆறு வருடம் தாண்டியிருந்தால் ஒதுக்குவேன். சந்தேகம் இருந்தால் உரிம வாரியத்திலோ உங்கள் மாவட்டத்துக்கான மின் ஆய்வாளர் அலுவலகத்திலோ விசாரிக்கலாம்.

கூப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: கோளாறு உங்கள் பக்கமா, மின்வாரியத்தின் பக்கமா? மீட்டர் வரை அவர்களுடையது, மீட்டரை விட்டு வெளியே வரும் வயரிலிருந்து உங்களுடையது. மீட்டர் முனையிலேயோ அதற்கு முந்தைய கட் அவுட்டிலேயோ (மின்வாரியத்தின் ஃபியூஸ்) கருகியிருந்தால் அங்கே சீல் இருக்கும். உரிமம் உள்ளவரானாலும் அதைத் தொடக் கூடாது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987இல் புகார் கொடுத்தால் ஆள் வருவார்கள். இன்னொரு அறிகுறியும் முக்கியம். வீட்டில் சில விளக்குகள் மங்கி, சில விளக்குகள் கண்ணைக் கூசும்படி எரிந்தால் அது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், விட்டுப்போனதன் அடையாளம். த்ரீ பேஸ் வீட்டில் அந்த நேரம் ஒரு பேஸில் வோல்ட்டேஜ் 400ஐ நெருங்கக்கூடும். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு அப்புறம் போன் செய்யட்டும். பழைய வீடுகளில் மீட்டருக்குக் கீழே இருக்கும் இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சில் பேஸுக்கு ஒரு ஃபியூஸ், நியூட்ரலுக்கும் ஒரு ஃபியூஸ் இருப்பதை இன்னமும் பார்க்கிறேன். அந்த நியூட்ரல் ஃபியூஸ் போனால் வீடு இருட்டாக இருக்கும், ஆனால் வயரில் உயிர் இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் இந்த வேலையோடு சேர்த்து அதையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

ஆள் வந்துவிட்டார். நல்லவர் என்ன செய்வார் என்று சொல்கிறேன், வீடியோ காலில் நீங்களே பார்க்கலாம். மூடியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே இன்வெர்ட்டர் இருக்கிறதா, மொட்டைமாடியில் சோலார் இருக்கிறதா என்று கேட்பார். மெயினை அணைத்த பிறகும் டெஸ்டரையோ டெஸ்ட் லாம்ப்பையோ வைத்து ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கையை உள்ளே விடுவார்.

கீசர் எம்சிபியைக் கழற்றியதும் வயர் நுனியைக் கவனியுங்கள். கருகிய செம்பு கறுத்துப்போயிருக்கும், மேலே இருக்கும் உறை வளைத்தால் உடையும். எம்சிபியை மட்டும் மாற்றி அதே கறுத்த நுனியைத் திரும்பச் சொருகினால் மூன்று மாதத்தில் அதே வாடை வரும். செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டித் தள்ள வேண்டும். வெட்டியதில் வயர் குட்டையாகிப் போனால் இழுத்துப் பிடித்துச் சொருகக் கூடாது. சரியான இணைப்பான் போட்டு நீட்ட வேண்டும் அல்லது அந்த லைனைப் புதிதாக இழுக்க வேண்டும். பல இழை வயர் என்றால் நுனியில் லக் (சிறு உலோகத் தொப்பி) வைத்து நசுக்கி மாட்ட வேண்டும். எம்சிபிகளுக்குக் கரண்ட் கொண்டுவரும் உலோகப் பட்டையான பஸ்பாரின் பல் அரித்துப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அரித்திருந்தால் அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும். ஒரே முனையில் இரண்டு வயர்களைச் சொருகி வைத்திருப்பது இருபது வருட வீடுகளில் சகஜம். அதைப் பிரித்துத் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். அப்புறம் மற்ற எல்லா ஸ்குரூக்களையும் ஒரு சுற்று இறுக்குவார். நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் நியூட்ரல் லிங்க்கையும்தான். பலர் மறப்பது அந்த நியூட்ரலைத்தான்.

மழையில் விழும் ஆர்சிசிபி தனிக் கதை. அது விழுகிறது என்றால் எங்கேயோ கரண்ட் மண்ணுக்குள் கசிகிறது. வாசல் காலிங் பெல், காம்பவுண்ட் விளக்கு, மொட்டைமாடிப் பைப்பில் தண்ணீர் இறங்கிய ஜங்ஷன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார், முதலில் இந்த நாலு இடம்தான் பார்க்க வேண்டும். எல்லா எம்சிபியையும் இறக்கி, ஆர்சிசிபியைத் தூக்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது பழைய வழி. அதை அப்பாவே மூடியைத் திறக்காமல், கீசர் எம்சிபியை மட்டும் போடாமல் விட்டுச் செய்யலாம். எந்த லைனில் விழுகிறது என்று குறித்து வைத்தால் வருபவருக்கு நேரம் மிச்சம். ஆனால் எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதே விழுந்தால் குழம்ப வேண்டாம். நம் வீடுகளில் பெரும்பாலும் எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் இணைந்தேதான் இருக்கும். நியூட்ரலும் எர்த்தும் எங்கேயோ தொட்டுக்கொண்டிருந்தால் எம்சிபியை இறக்கியும் பயனில்லை. லிங்க்கிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மெக்கர் போட்டுத்தான் பிடிக்க முடியும். அதற்கு அரை நாள்கூட ஆகலாம். பொறுமை இல்லாதவர் இந்த இடத்தில்தான், "ஆர்சிசிபி போயிடுச்சு சார், டைரக்ட் பண்ணிட்டேன்" என்பார்.

அந்த வார்த்தையைக் கேட்டால் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள். எம்சிபி மனிதனைக் காப்பாற்றாது. பதினாறு ஆம்பியர் எம்சிபி, ஒருவர் உடம்பு வழியாக ஓடும் கரண்ட்டுக்கு அசையவே அசையாது. வீட்டில் ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியரில் விழும் அந்த ஆர்சிசிபி ஒன்றுதான், அதுவும் கரண்ட் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும்போது மட்டும். வயதானவர்கள் ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடும் வீட்டில் அதைத் தாண்டி வயர் போடுவது அக்கிரமம். இதோடு சேர்த்து இன்னும் இரண்டு உண்டு: காரணம் சொல்லாமல் எம்சிபியின் ஆம்பியரைக் கூட்டுவது, எர்த் சரியில்லை என்று நியூட்ரலையே எர்த்தில் சேர்த்து முடிவது. இந்த மூன்றில் எதைச் செய்தாலும் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் அவர் வேண்டாம்.

வேலை முடிந்த பிறகு மெக்கர். 500 வோல்ட் வைத்து ஒரு நிமிடம் பார்த்து, இன்சுலேஷன் குறைந்தது ஒரு மெகா ஓம் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல ஒயரிங்கில் அதைவிடப் பல மடங்கு வரும். ஒன்றரை, இரண்டு என்று வந்தால் பாஸ்தான், ஆனால் அந்த லைனில் ஈரமோ பழைய வயரோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்கும்போது எலக்ட்ரானிக் சாமான்களின் பிளக்கை எல்லாம் பிடுங்கி வைக்கச் சொல்வார், சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். பிறகு ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டட்டும். அதை அப்பாவும் அவ்வப்போது அழுத்திப் பார்க்கலாம். கடைசியாகக் கீசரை அரை மணி நேரம் ஓடவிட்டு, கிளாம்ப் மீட்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அந்த எம்சிபி சூடாகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதற்குக் காத்திருக்காமல் கிளம்புகிறவருக்கு முழுக் காசையும் கையில் கொடுத்துவிடாதீர்கள். எந்த எம்சிபி எதற்கு என்று தமிழில் எழுதி மூடியில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா தனியாக நிற்கும்போது உதவுவது அந்தத் துண்டுச் சீட்டுதான்.

காசு விஷயம். வேலையைப் பார்க்காமல் போனிலேயே மொத்தத் தொகை சொல்பவரை நம்ப மாட்டேன். வந்து பார்ப்பதற்கு ஒரு தொகை, பார்த்த பிறகு சாமான் தனி, கூலி தனி என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பாயின்ட் கணக்கு (ஒரு விளக்கு, ஃபேன், பிளக் இடத்துக்கு இவ்வளவு என்ற கூலி) என்பது புது ஒயரிங்குக்கு. டிபி பழுதுக்கு அது பொருந்தாது. சாமானை முடிந்தால் நீங்களே அதே கடையில் ஜிபே செய்து வாங்கிவிடுங்கள், பில்லும் உத்தரவாதமும் உங்கள் பெயரில் இருக்கும். எம்சிபியில் ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் கீழே உரிம எண்ணும் இருக்கும், பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். கழற்றிய பழைய எம்சிபியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கான்ட்ராக்டரின் கூலி பில்லில் உரிம எண் இருக்கட்டும்.

அப்பா அம்மாவுக்கு ஏசி வாங்கித் தரும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஏசிக்குத் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் வயர், தனி எம்சிபி வேண்டும். இருபது வருடத்துக்கு முன் வாங்கிய லோடும் போதாமல் போகலாம். கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும், டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டால் இவரே போட்டுக் கொடுப்பார். டிபியை மாற்றுவதாக முடிவானால் நாலு வழி காலியாக இருக்கும் பெட்டியாக வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.